இடது ஓரம்

ஸ்டான்லியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
மணிக்கட்டைக் கேட்டால் மணிக்கட்டோடு
இரண்டு விரற்கடை சேர்த்துத்தான் எடுப்பேன்.
ஓரம் வெட்டுப்பட்ட படத்தை
டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவார்.
அந்தப் பழக்கம்
வீட்டிலும் என்னை விடவில்லை.

தண்டையார்பேட்டை, மூன்றாவது மாடி.
ஒரே படத்துக்கு என்னிடம் நான்கு தட்டுகள்.
பர்மா பஜாரில் வாங்கிய உள்ளூர்த் தட்டு:
மூன்று படத்தை ஒன்றில் திணித்ததால்
கடல் சதுரம் சதுரமாக உடைந்து வரும்,
கீழே ஒரு நகைக்கடை ஓடிக்கொண்டே இருக்கும்.
கோலாலம்பூர் தட்டில் எல்லார் முகத்திலும் பாசி.
சிங்கப்பூர்த் தட்டு நல்ல தட்டுதான், ஆனால்
யாராவது ஓடினால் சீப்புப் பல்லாகப் பிளப்பார்கள்.
நாலாவது, பாரிஸிலிருந்து நாத்தனார் அனுப்பியது
(பாரிமுனை இல்லை, பிரான்ஸ்).
அதில் மிளகாய் மிளகாயாகவே சிவக்கும்,
மேலும் கீழும் கறுப்புப் பட்டை,
நடுவே கண் எட்டுகிற அகலம்.
குறை ஒன்றுதான்:
அந்த ஊர்க் கணக்குக்குக் கொஞ்சம் வேகமாய் ஓடும்.
இரண்டரை மணிப் படம் ஆறு நிமிடம் முன்பே முடியும்.
குரலெல்லாம் ஒரு சுற்று மெலிந்து,
அலைகூட பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல.

படம் ஒன்றும் பிரமாதமில்லை.
இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்
காசிமேடு வரும், பதினொரு விநாடி.
கதாநாயகன் வார்ஃபில் நின்று சிகரெட்டை எறிவான்.

கீழ் வீட்டு தேசப்பன்
அந்தக் காட்சியில் தான் இருப்பதாகப்
பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருகிறார்.
ஐஸ் ஃபேக்டரியில் ஒருத்தரும் நம்பவில்லை.
"ஆமா, கேமராவே ஒன்னத்தாம்பா தேடிச்சு."

ஒரு ஞாயிறு, கரண்ட் போய் வந்த மதியம்,
இரண்டு டிவியை ஒட்டி வைத்து
நிறுத்தி நிறுத்தித் தேடினேன்.
கொருக்குப்பேட்டை கூட்ஸ் போகும்போதெல்லாம் தட்டு எகிறும்,
மறுபடி முதலிலிருந்து.

இருந்தார்.
பாரிஸ் தட்டில், இடது ஓரம்: முகம் முழுசாக,
இரண்டு தோள், தலையில் சும்மாட்டின் நுனி.
சுமையைக் கறுப்புப் பட்டை தின்றிருந்தது,
இடுப்புக்குக் கீழே ஆளில்லை.
உள்ளூர்த் தட்டோ பக்கங்களை வெட்டி
உயரத்தைத் திறந்துவிட்டிருந்தது.
அதில் ஐஸ் பெட்டி பாதி, ஒரு காது,
ரப்பர் செருப்போடு ஒற்றைக் கால்.
நகைக்கடை அந்தக் காலின்மேல் ஏறி ஓடியது.
ஒரு முழு ஆளுக்கு
இரண்டு தேசத்துத் தட்டு வேண்டியிருந்தது.

கூப்பிட்டேன். மடித்த லுங்கியை இறக்கிவிட்டபடி வந்தார்.
தன்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன்.
"இத்த இன்னும் கொஞ்சம் தள்ள முடியுமாம்மா?"
எந்தப் பக்கம்?
"எடது பக்கம். அஞ்சலாட்சி நின்னா.
எறா கூடையோட. ஒரு கை தூரம்."
ரிமோட்டை வாங்கி அவரே அழுத்திப் பார்த்தார்.
நான்கு தட்டையும் போட்டேன்.
சதுரம், பாசி, சீப்பு, மிளகாய்.
அவர் விரல் தன் முகத்தைத் தாண்டியது,
கண்ணாடி முடிந்து பிளாஸ்டிக் விளிம்பு,
அதுவும் முடிந்து சுவர்.
பெயின்ட் உரிந்த இடத்துக்கும்
கேஸ் புத்தகம் தொங்கும் ஆணிக்கும் நடுவில் நின்றது.
"இங்க."

யார் அஞ்சலாட்சி என்று நான் கேட்கவில்லை.
கதிர் விழாத இடம் படத்தில் வராது என்று
தினம் நாற்பது பேருக்குச் சொல்லும் வாய்
சும்மா இருந்தது.

கிளம்பும்போது, "இன்னொரு வாட்டி," என்றார்.
பாரிஸ் தட்டை எடுத்தேன், அதில்தானே அவர் முகம்.
"அது வாணாம், அவசரப்படுது."
உள்ளூர்த் தட்டைப் போடச் சொன்னார்.
உடைந்த கடல், ஓடும் நகைக்கடை, அரை ஐஸ் பெட்டி.
அதில் பத்தரை விநாடி, இதில் பதினொன்று.
அரை விநாடி கூடுதலாக
அவள் சுவரில் நின்றாள்.